ஆய்வகத்தின் நல்ல ரத்தம்

அந்த வீட்டில் இருப்பது அக்காவும் தங்கையும். பெரியவள், சின்னவள் என்றே சொல்கிறேன். வந்து போகிறவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். சின்னவளுக்கு நாற்பத்து மூன்று வயதாகிறது, இருந்தும் சின்னவள்தான். மூலக்கூறு உயிரியலில் ஆராய்ச்சி செய்கிறாள். வாசல் பலகையில் டாக்டர் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் இருமலோடு வந்து நின்றார்.

"நான் அந்த டாக்டர் இல்லைங்க. எலியை வச்சு ஆராய்ச்சி பண்றேன்."

"ஓ, எலிக்கு வைத்தியமா?"

"இல்லைங்க. எலிக்கு நோயைக் குடுப்பேன்."

அவர் அதற்குப் பிறகு லிஃப்டில் அவளோடு ஏறுவதில்லை.

பெரியவள் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். இருபத்தாறு வயதில் மூட்டுகள் வீங்கி, கன்னத்தில் சிவப்பு படர்ந்து, விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. லூபஸ் என்றார்கள். கிருமியோடு சண்டை போட வேண்டிய அணுக்கள் சொந்த உடம்போடு சண்டைக்கு நிற்கும் நோய் அது. சண்டை நடக்கிற இடமெல்லாம் சிவக்கும், சுடும், வீங்கும். அதைத்தான் அழற்சி என்கிறார்கள். அப்போது கல்லூரியில் இருந்த சின்னவள், அக்காவின் மருத்துவமனைக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்தாள். 'அக்காவுக்காகத்தான் இந்த ஆராய்ச்சிக்கு வந்தீங்களா?' என்று யாராவது உருகினால் அவளுக்குப் பிடிக்காது. "அந்த லேப்லதான் இடம் இருந்துச்சு" என்பாள்.

பெரியவளுக்கு மாத்திரைகளோடு வருடங்கள் ஓடின. பிறகு சண்டை சிறுநீரகத்துக்குப் போய், இரண்டும் செயலிழந்தன. நான் அந்த வீட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனது அப்போதுதான். வயிற்றில் பொருத்திய குழாய் வழியே ஒரு பை திரவத்தை உள்ளே விட வேண்டும். சில மணி நேரம் கழித்து, ரத்தத்திலிருந்து கழிவை வாங்கிக்கொண்ட அந்தத் திரவத்தை வெளியே வடிக்க வேண்டும். ஒரு நாளில் பலமுறை. மின்விசிறியை நிறுத்து, சன்னலைச் சாத்து, கையைக் கழுவு, மாஸ்க் போடு. கொஞ்சம் அசந்தாலும் வயிற்றில் கிருமி ஏறிவிடும்.

இது காலத்துக்கும் ஓடாது. மாற்றுச் சிறுநீரகம் வேண்டும். சின்னவளுடையது பொருந்தியது. எல்லாச் சோதனைகளும் போன வருடமே முடிந்தன. இடையில் பெரியவளின் நோய் சீறியதால் தள்ளிப்போய், ஒருவழியாக அடுத்த மாதம் அறுவை சிகிச்சை என்று தேதி குறித்தார்கள். வீடு கொஞ்சம் சிரித்தது.

"என் கிட்னி வந்தா உனக்கும் காலையில எட்டு மணி வரைக்கும் தூக்கம் வரும் பாருக்கா."

"சோம்பேறிக் கிட்னியா இருந்தா வேண்டாம்டி. அப்படிப்பட்டது ஏற்கெனவே ரெண்டு என்கிட்ட இருக்கு."

இந்தச் சமயத்தில்தான் குளியலறைக் குப்பைத்தொட்டியில் ஒன்றைப் பார்த்தேன். காகிதத்தில் சுற்றிப் போட்டிருந்த, சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டைகள். பெரியவளுக்குச் சிறுநீர் அநேகமாக நின்றே போயிருந்தது. எனக்கு அந்தச் சோதனை தேவையில்லை. மீதி ஒருத்திதான்.

அவளை அடுக்களையில் பிடித்தேன்.

"இது உன்னுதாம்மா?"

"ம்."

"எதுக்கு?"

"புரோட்டீன் போகுதான்னு."

"போகுதா?"

"இன்னைக்குப் போகலை, சிஸ்டரம்மா."

சிறுநீரில் புரதம் போனால் சிறுநீரகம் கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த 'இன்னைக்கு' எனக்குப் பிடிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னாள்.

நோயாளியின் ரத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவள் ஆய்வகத்தில் ஒன்றும் சொல்ல முடியாது. ஒப்பிட, பக்கத்தில் நோயில்லாத ஒருவரின் ரத்தம் வேண்டும். வெளியிலிருந்து யாரும் சும்மா வந்து ஊசி குத்திக்கொள்ள மாட்டார்கள். அதனால் முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு அங்கே வேலை செய்கிறவர்களே கையை நீட்டுவார்கள். பல வருடங்களாக அதிகம் நீட்டியவள் இவள்தான். ஊசி போட எளிதான நரம்பு, சொன்ன நேரத்துக்கு வருகிற ஆள். ஆய்வகத்தில் இவளுக்கு 'நல்ல ரத்தம்' என்றே பட்டப்பெயர்.

அவர்கள் ரத்த அணுக்களை வேண்டுமென்றே சீண்டிப் பார்ப்பார்கள். சீண்டினால் அணுக்கள் இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரந்து 'ஆபத்து' என்று கத்தும். நல்ல ரத்தம் கத்திவிட்டுச் சீக்கிரம் அடங்கும். லூபஸ் ரத்தம் சீண்டாமலே கத்தும், அடங்கவும் அடங்காது. சில மாதங்களாக இவளுடைய ரத்தமும் அடங்கவில்லை.

அப்போது இவள் என்ன செய்தாள்? ரசாயனத்தை மாற்றினாள். கருவியைப் பிரித்துப் பூட்டச் சொன்னாள். குளிர்பெட்டியைத் திறந்து வைத்தீர்களா என்று டெக்னீஷியனைத் திட்டினாள். அளவுகோலே கோணலாக இருக்கும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

"மேடம், மெஷினைக் கழுவிக் கழுவிப் பார்த்தாச்சு. இனிமே பவுடர் போட்டுப் பொட்டு வைக்கிறதுதான் பாக்கி" என்றாராம் டெக்னீஷியன்.

கடைசியில் இவள் ஒரு வழி சொன்னாள். ஐந்து சோதனைக் குழாய்களில் ரத்தம். அதில் ஒன்று நோயாளியுடையது, மீதி ஆய்வகத்துக்காரர்களுடையது. எது யாருடையது என்று டெக்னீஷியனுக்கு மட்டும்தான் தெரியும். பெயர்களின் மேல் தாள் ஒட்டிவிட வேண்டும். முடிவுகள் வந்ததும் இவள் திரையைப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டாள்.

"ஒரு பேஷண்ட்டுதானே வைக்கச் சொன்னேன்? எதுக்கு ரெண்டு வச்சீங்க?"

"ஒண்ணுதான் மேடம் வச்சேன்."

"ரெண்டாவதும் நாலாவதும் பேஷண்ட். பார்த்தாலே தெரியுது."

அவர் குழாய்த் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். இவளே தாள்களை உரித்தாள். இரண்டாவது நோயாளி. நாலாவது இவள்.

அன்று சாயங்காலமே தன் ரத்தத்தில் நோய் எதிரணுக்களைத் தேடினாள். எதிரணு என்றால் சொந்த உடம்பைக் குறிவைக்கும் புரதம். அதுவும் இருந்தது.

"எதிரணு இருந்தா நோய் இருக்குன்னு அர்த்தம் இல்லை, சிஸ்டரம்மா. வருஷக்கணக்கா சும்மா கிடக்கும். சிலருக்கு வராமலே போயிடும்."

"வந்தா?"

"வந்தா... கிட்னியில வரலாம்."

"அப்போ உனக்கு எத்தனை கிட்னி இருக்கும்?"

அவள் எழுந்து தண்ணீர் குடித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஆஸ்பத்திரியில என் ரத்தத்தைப் போன வருஷமே பார்த்துட்டாங்க. இதை மறுபடி பார்க்கச் சொல்ல மாட்டாங்க. நாம சொல்லலைன்னா யாருக்கும் தெரியாது."

'நாம' என்றாள். என்னையும் கூட்டுச் சேர்த்துவிட்டாள்.

"நான் அந்தக் கணக்குல இல்லைம்மா. நீ சொல்லலைன்னா நான் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடுவேன். ரெண்டு பேருக்கும் பை மாத்த என் இடுப்பு தாங்காது."

"இது என் ரத்தம். நீங்க சொல்லக் கூடாது."

"ரத்தம் உன்னுது. கிட்னியை வாங்கிக்கப் போறவ என் பேஷண்ட்."

கோபத்தில் கதவை அறைந்துவிட்டுப் போனாள். கொஞ்சம் அவகாசம் கொடுத்தேன். அந்த நாட்களில் அவள் இருந்த இருப்பு பார்க்கச் சகிக்கவில்லை. கண்ணாடி கண்ட இடமெல்லாம் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காலணி மாட்டக் குனிந்தால் கணுக்காலை விரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்த்தாள். சீப்பில் வந்த முடியை வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு படி ஏறி மூச்சு வாங்கினால் அங்கேயே நின்று யோசித்தாள். மற்றவர்களுக்கு ஒரு பயம் என்றால் ஒரு பயம்தான். இவளுக்கு அந்த நோய் போகிற ஒவ்வொரு வழியும் மனப்பாடம். அதனால் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியாகப் பயந்தாள். வெயிலில் போகும்போது குடையும் முழுக்கைச் சட்டையும் வந்தன.

"என்னடி புதுசா குடை? யாராவது பார்க்க வராங்களா?" என்று பெரியவள் கேலி செய்தாள். சின்னவள் சிரிக்கவில்லை. பெரியவள் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள். லூபஸ் என்று தெரிந்ததும் அவளுக்கு மருத்துவர் சொன்ன முதல் வார்த்தை, வெயில் படாதே என்பதுதான்.

மறுநாள் பை மாற்றும் நேரம். சன்னல் சாத்தியிருந்தது. மாஸ்க் போட்டுக்கொண்டு மூவரும் உள்ளே இருந்தோம். திரவம் வடிந்துகொண்டிருந்தது.

"கையை நீட்டு" என்றாள் பெரியவள்.

சின்னவள் நீட்டினாள். பெரியவள் விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

"வலிக்குதா?"

"இல்லைக்கா."

"காலையில?"

சின்னவள் என்னைப் பார்த்தாள். நான் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொஞ்ச நேரம் மடங்க மாட்டேங்குது. நோய் வரலைக்கா. ரத்தத்துல மட்டும்தான் தெரியுது."

"எனக்கும் முதல்ல ரத்தத்துல மட்டும்தான் இருந்திருக்கும். அப்போ எட்டிப் பார்க்க ஆள் இல்லை."

"ஆபரேஷன் நடக்கும். நான் முடிவு பண்ணிட்டேன்."

பெரியவள் அவள் கையை விட்டாள். வடிந்து முடிந்தது, புதுப் பை உள்ளே போனது, குழாய்க்கு மூடி போட்டேன். மாஸ்கைக் கழற்றிய கையோடு பெரியவள் தொலைபேசியை எடுத்தாள். மருத்துவமனையில் இந்த அறுவை சிகிச்சைகளை ஏற்பாடு செய்கிற பெண்ணுக்கு அழைப்பு போனது.

"நான்தான்மா பேசறேன்... அடுத்த மாசத்துக்கு ஆபரேஷன் சொல்லியிருந்தீங்களே. டோனருக்கு ஒத்துவராது... காய்ச்சல் இல்லைம்மா, எனக்கு இருக்கறதுதான் அவளுக்கும். இல்லை, தள்ளி வைக்க வேண்டாம். எடுத்துடுங்க. என்னைப் பொது வரிசையில சேர்த்துடுங்க."

தொலைபேசியை வைத்ததுதான் தாமதம், சின்னவள் பாய்ந்தாள்.

"யாரைக் கேட்டு இதைச் சொன்ன?"

"நீ யாரைக் கேட்டு மறைச்ச?"

"முகம் தெரியாதவங்க கிட்னிக்குப் பொது வரிசையில காத்திருந்தா எத்தனை வருஷம் தெரியுமா? நீ தாங்குவியா?"

"தெரியலை. ஆனா நாளைக்கு நீயும் இந்தக் கட்டில்ல பையை மாட்டிக்கிட்டுப் படுத்திருந்தா, உன் கிட்னியை உள்ள வச்சுக்கிட்டு நான் பக்கத்துல உட்கார்ந்து என்னடி செய்வேன்? விசிறி விடுவேனா?"

சின்னவள் சுவரோரம் அடுக்கியிருந்த திரவப் பைப் பெட்டியை ஓங்கி ஓர் உதை விட்டாள். உதைத்த மறுகணமே மண்டியிட்டுப் பெட்டியைப் பிரித்து, ஏதாவது பை ஒழுகுகிறதா என்று ஒவ்வொன்றாக எடுத்து அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் ஒழுகவில்லை. கடைசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பெரியவள் கட்டிலிலிருந்து அவள் தலையைத் தொட்டாள். நான் அறையைத் துடைக்க வெளியே வாளி எடுக்கப் போனேன்.

பிறகு மருத்துவரிடம் போனார்கள். எதிரணு இருக்கிறது, உறுப்புகள் இப்போதைக்குச் சுத்தம், தானம் மட்டும் கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். ஆய்வகத்தில் சின்னவள் தன் ரத்தத்தை வைத்துச் செய்த அண்மைக்கால முடிவுகளைத் தானே எழுதிக்கொடுத்து விலக்கச் சொன்னாள். வெளிவர இருந்த கட்டுரை நின்றது. ஆய்வகத் தலைவருக்கு எரிச்சல்தான். குளிர்பெட்டியில் அவளுடைய பழைய ரத்தம் வருடவாரியாக உறைந்து கிடக்கிறது. நோய் வருவதற்கு முன்பே உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்க்க அது போன்ற ஒன்று எங்கும் எளிதில் கிடைக்காதாம். அதைத்தான் இப்போது ஆராய்கிறாள். விரல் மடங்காத நாட்களில் டெக்னீஷியன் குழாயைப் பிடித்துக்கொள்கிறார்.

பெரியவள் தொலைபேசியைக் குளியலறைக்கும் எடுத்துப் போகிறாள். வரிசையில் எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. சின்னவளின் பரிசோதனை நாளில் அக்காவும் கூடவே போய் மருத்துவமனை நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறாள். போகாதே, கூட்டத்தில் கிருமி தொற்றும் என்றால் கேட்பதில்லை. முடிவு வரும்வரை இருவருக்கும் சோறு இறங்காது. நான் கெஞ்சுவதில்லை. தட்டில் போட்டு மூடி வைத்துவிடுவேன்.

இந்த முறை இன்னும் முடிவு வரவில்லை. தட்டு அப்படியே இருக்கிறது.