கிரேனக்காவின் குமிழ்

துறைமுகத்தில் பதினெட்டு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறவளை எல்லோரும் கிரேனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பதடி கன்டெய்னர் பெட்டியை லாரிமேல் பூப்போல இறக்கி வைக்கிறவளுக்கு, வீட்டில் கம்ப்யூட்டர் மௌஸ் மட்டும் அடங்கவே இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன் பரீட்சை எழுதி, வீட்டிலிருந்தே ரேடியோ அலையில் மற்றவர்களோடு பேசுவதற்கான அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கியிருந்தாள். அவளுடைய ரேடியோ வெறும் கறுப்புப் பெட்டி. அலைவரிசை மாற்றுவதெல்லாம் கம்ப்யூட்டர் திரையில்தான். மௌஸ் சக்கரத்தை இம்மி உருட்டினாலும் பேசுகிறவர் அந்தப் பக்கம் ஓடிவிடுவார். திருப்பி உருட்டினால் இந்தப் பக்கம் தாண்டிவிடுவார். பொறுத்துப் பார்த்தவள், கம்ப்யூட்டரில் செருகுகிற அலுமினியத் திருகுகுமிழ் ஒன்றை வரவழைத்தாள்.

முதல் திருப்பிலேயே, கணவர் கம்ப்யூட்டரில் ஓடவிட்டிருந்த பாட்டு வீடு அதிர அலறியது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனுஷர், பாத்திரம் தேய்த்த ஈரக்கையோடு ஓடி வந்தார்.

"ரேடியோவைத் திருப்பச் சொன்னா தெருவையே திருப்பிட்டியே!"

"அது இன்னும் தன்னை வால்யூம்னு நெனச்சுட்டு இருக்குங்க. நான் புத்தி சொல்லிக்கிறேன்."

மூன்று சாயங்காலம் மென்பொருளின் அமைப்புகளோடு மல்லுக்கட்டினாள். ஒரு சொடுக்குக்கு அலைவரிசை பத்தே பத்து ஹெர்ட்ஸ் நகர வேண்டும். குமிழை அழுத்தித் திருப்பினால் நூறு. நான்காம் நாள் குமிழ் சொன்ன பேச்சைக் கேட்டது.

"மௌஸ் போதாதாம்மா? எதுக்கு இந்த வெட்டிச் செலவு?" என்றார் ரேடியோ சங்கச் செயலாளர்.

அந்த ஞாயிறு காலை சங்கத்தின் பேரிடர்ப் பயிற்சி. சங்க உறுப்பினர்களான தபால்காரரும் மின்வாரிய லைன்மேனும் ஒரு பேட்டரி ரேடியோவோடு மலைமேல் கைவிடப்பட்ட கல்குவாரிக்குப் போயிருந்தார்கள். அங்கே செல்போன் எடுக்காது. பத்து மணிக்கு வரவேண்டிய செய்தி பத்தரை ஆகியும் வரவில்லை.

செயலாளர் போனில் அழைத்தார். "யாருக்கும் ஒண்ணும் கேக்கலம்மா, வெறும் இரைச்சல்தான். நீங்களும் ரேடியோவை அணைச்சிடுங்க."

"இருங்க சார். எனக்கு ஏதோ வாத்து கத்துற மாதிரி கேக்குது."

குமிழை ஒவ்வொரு சொடுக்காக நகர்த்தினாள். வாத்தின் குரல் கனத்துக்கொண்டே வந்து, சட்டென்று தபால்காரரின் குரலாயிற்று.

"...பயிற்சி இல்ல, நெசம்... லைன்மேன் வழுக்கி விழுந்துட்டார்... கால் எலும்பு..."

குரல் மறுபடி கரகரத்து விலகியது. பேட்டரி இறங்க இறங்க அவருடைய அலைவரிசை நழுவுகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. காற்றில் ஆடும் பெட்டியின் பின்னே கிரேனை நகர்த்திப் பழகிய விரல்கள், பதறாமல் அந்தக் குரலின் பின்னாலேயே போயின.

"கேக்குதுண்ணே. எங்க இருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க," என்றாள் ரேடியோ மைக்கில்.

"முன்வழி சரிஞ்சு கெடக்கு... பின்பக்கம்... தண்ணித் தொட்டிக்கிட்ட... ரத்தம் நிக்கல, விட்டுட்டு வர முடியல."

"பின்பக்கம், தண்ணித் தொட்டி. சரியா?"

"சரி, சரி!"

அதற்குமேல் அவர் குரல் வரவில்லை. அவளுக்கு அதுவே போதும். செயலாளர் இன்னும் போனில் காத்திருந்தார். "சார், ஆம்புலன்ஸை முன்வழியா அனுப்பிடாதீங்க," என்று தொடங்கி, கேட்டதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தாள்.

ஒரு மணி நேரத்தில் லைன்மேனைத் தூக்கி வந்துவிட்டார்கள். காலில் இரண்டு இடத்தில் முறிவு. இன்னும் தாமதித்திருந்தால் ரத்தம் போயே ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டர்.

அடுத்த கூட்டத்தில் செயலாளர் அவளைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "இனிமே பயிற்சிக்கெல்லாம் நீங்களே தலைமை ஏத்துக்கணும்மா."

"ஏத்துக்கறேன் சார். ஆனா கூட ஒரு பேட்டரி இல்லாம யாரையும் மேல ஏத்த மாட்டேன். உங்களையும் சேர்த்துத்தான்."

கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டியிருந்த லைன்மேன்தான் முதலில் கைதட்டினார்.