முகூர்த்தப் புடவையும் மூன்று அடைப்பும்

பட்டுத் தறிகள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் இளவரசியைத் தெரியாதவர்கள் இல்லை. அவள் என்ன டாக்டர் என்று சரியாகத் தெரிந்தவர்களும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து அப்பா வீட்டுக்கு வந்து இறங்கினால் போதும், மூட்டுவலி முதல் சர்க்கரை வரை எல்லா வியாதியும் வாசலில் வந்து நிற்கும். குழந்தைகளுக்கு மட்டும் இதய ஆபரேஷன் செய்கிறவள் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்த இடத்துக்கு வந்துசேர அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. எம்.பி.பி.எஸ்., அதற்குமேல் பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ்., அதற்கும்மேல் நெஞ்சைத் திறக்கக் கற்றுத்தரும் எம்.சிஎச். கூடப் படித்தவர்கள் கிளினிக்கும் காருமாக இருந்த காலத்தில் இவள் பெரிய டாக்டருக்குப் பக்கத்தில் கால் கடுக்க நின்றுகொண்டிருந்தாள். நோயாளியின் காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்துக் கொடுப்பதுதான் முதலில் கிடைத்த வேலை. அடைப்பைத் தாண்டி அதை இதயத்தில் தைக்கும் பைபாஸ் பிறகுதான் கைக்கு வந்தது. அதற்கப்புறம் பிறவிக் கோளாறுகளுக்கென்று தனியாக ஒரு பயிற்சி. பிறந்த குழந்தையின் இதயம் அதன் மூடிய கை அளவுதான் இருக்கும். அதிலுள்ள ஓட்டையை முடியைவிட மெல்லிய நூலால் தைத்து அடைக்க வேண்டும். "நெசவுக்காரர் பொண்ணு, நூலைப் புடிக்க சொல்லித் தரணுமா?" என்று தெருவே பெருமைப்பட்டது. அவளுக்குத் தறியில் உட்காரவே தெரியாது என்பதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இடையில் கல்யாணமும் நடந்தது. அதில் அப்பா கலியாணசுந்தரத்தின் மேல் அவளுக்கு ஒரு தீராத மனக்குறை. கரையையும் உடலையும் தனித்தனி நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்குப் பேர்போன மனிதர், பெற்ற மகளின் முகூர்த்தப் புடவையை நெய்யவில்லை. ஒரு சாண் நெய்தார், கரை சரியில்லை என்று பிரித்தார். மறுபடி நெய்தார், மறுபடி பிரித்தார். கடைசியில் பட்டு நூலையும் ஜரிகையையும் எதிர்வீட்டுச் சபாபதியிடம் கொடுத்துவிட்டார். ஊருக்கெல்லாம் நெய்கிறவருக்கு என் புடவை மட்டும் பாரமாகிவிட்டதே என்று அவள் அழுதாள்.

போன மாசியில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஞ்சியோ எடுத்ததில் மூன்று இடத்தில் அடைப்பு. பைபாஸ்தான் வழி, தள்ளிப்போடக் கூடாது என்றார்கள். கலியாணசுந்தரம் கொஞ்சமும் கலங்கவில்லை. தன் மகளே ஆபரேஷன் செய்யப்போகிறாள் என்று கச்சபேஸ்வரர் கோயில் வரைக்கும் சொல்லிவைத்துவிட்டார்.

"எங்க ஆஸ்பத்திரியில பெரியவங்களுக்கு பைபாஸ் பண்றதுல மணிவண்ணன் சார்தான் கை தேர்ந்தவரு. அவரு பண்ணுவாருபா," என்றாள் இளவரசி.

"நீ பண்ணலன்னா எனக்கு ஒண்ணும் வேணாம். பச்சக் கொழந்தைக்கே பண்றவளுக்கு எனக்கு மட்டும் பண்ண ஆவாதா?"

"அது வேற வேலைபா, இது வேற வேலை."

"இதயம் ஒண்ணுதானம்மா?"

சொன்னவர் துண்டை உதறிக்கொண்டு தறிக்குழியில் போய் இறங்கிவிட்டார். அம்மா தையல்நாயகி கெஞ்சினாள், சண்டை போட்டாள், சாப்பிடாமல் கிடந்தாள். மனிதர் மசியவில்லை. நாள் போய்க்கொண்டே இருந்தது. பைபாஸ் அவள் செய்யாததல்ல. பழக்கம் விட்டுப்போனது பாதி உண்மைதான். அப்பாவின் நெஞ்சு திறந்து கிடப்பதை நினைத்தாலே அவளுக்குக் கை சில்லிட்டுப் போனது. அது மீதி உண்மை.

அடுத்த ஞாயிறு தறிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என் முகூர்த்தப் புடவைய ஏன்பா பிரிச்சுப் பிரிச்சுப் போட்ட?"

"அது இன்னாத்துக்கு இப்போ?"

"சொல்லு."

தறியில் நாடா ஓட்டுவதை நிறுத்தினார். "உனக்குன்னு நெனச்சதுமே கை நடுங்கிச்சும்மா. நேரா இருக்கிற கரையும் கோணலாத் தெரிஞ்சுது."

"எனக்கும் அதேதான்பா. பிரிச்சுப் பிரிச்சுத் தைக்க உன் நெஞ்சு ஒண்ணும் புடவை இல்ல."

கலியாணசுந்தரம் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த மணிவண்ணன், நம்ம சபாபதி மாதிரி ஆளா?"

"அதே மாதிரிதான். பேச்சே கெடையாது, வேலைதான்."

"அப்போ சரி," என்றார்.

ஆபரேஷன் அன்று, குழந்தைகளைப் பெற்றவர்கள் தன் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் இளவரசி அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். மணிவண்ணன் வெளியே வந்து, "நல்லா இருக்காரு," என்றார். எத்தனையோ பேருக்கு அவள் சொன்ன வார்த்தைதான். கேட்டபோது விசும்பி அழுதுவிட்டாள்.

மறுநாள், மூச்சுக்காகப் போட்டிருந்த குழாயை எடுத்த தொண்டையோடு அவர் மெல்லக் கேட்டார்.

"நீ எங்கம்மா இருந்த?"

"வெளியிலதான்பா. கதவாண்ட."

அவர் அவள் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"உன் புடவை முடியிற வரைக்கும் நானும் சபாபதி வீட்டு வாசல்லயேதான் நின்னுக்கினு இருந்தேன்."