வட்டி மட்டும்தானே

என் நகைப்பெட்டியில் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிய ஒரு கிரெடிட் கார்டு கிடக்கிறது. வெட்டு, அண்ணனுடைய பெயருக்கு நடுவில் போயிருக்கிறது. பாதிப் பெயர் ஒரு துண்டில், மீதி இன்னொரு துண்டில். பக்கத்திலேயே ஐந்து பவுன் செயின். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது மட்டும் அதைப் போடுவேன். எடுக்கும்போதெல்லாம் அந்தத் துண்டுகள் விரலில் குத்தும். வேறு இடத்தில் வைக்கலாம். வைக்கவில்லை.

எங்களுக்குத் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா போன பிறகு வீட்டில் அம்மா, அண்ணன், நான். அண்ணன் குட்டியானை லோடு வண்டி ஓட்டினான். அறுப்புக் காலத்தில் நெல் மூட்டை, மற்ற நாளில் வாழைத்தார், செங்கல், கிடைத்தது எதுவானாலும். வண்டிக்கு லோன் கொடுத்த தஞ்சாவூர் பேங்கில் இருந்துதான் ஒரு பையன் வீடு தேடி வந்து கார்டு கொடுத்தான். அண்ணன் அதை மாதா படத்துக்குப் பின்னால் வைத்தான். வெறுமனே வைக்கவில்லை, அம்மாவின் வளையலைக் கூட்டுறவு சொசைட்டியில் அடகு வைத்த ரசீதுக்குள் மடித்து வைத்தான். அந்த இரண்டு வளையலும் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சொசைட்டியில்தான் இருந்தன. வருஷத்துக்கு ஒரு தடவை வட்டியைக் கட்டி மாற்றி வைப்பார்கள். வட்டி கட்டினால் நகை பத்திரம். முதல் அதன்பாட்டுக்குக் கிடக்கும். என்றைக்காவது நல்ல விளைச்சல் வந்தால் மீட்டுக்கொள்ளலாம். எங்கள் ஊரில் கடன் என்றால் அதுதான், வேறு மாதிரி ஒன்று இருப்பது யாருக்கும் தெரியாது.

பேங்கில் இருந்து வந்த முதல் கடிதத்தில் மொத்தப் பாக்கி ஒரு கட்டத்திலும், குறைந்தபட்சம் கட்ட வேண்டியது இன்னொரு கட்டத்திலும் இருந்தது. அண்ணன் இரண்டாவது கட்டத்தைத் தொட்டு, "வட்டி எவ்வளவுன்னு அவங்களே கணக்குப் போட்டு அனுப்பிடுறாங்க பாரு. சொசைட்டிக்காரனுக்கு இந்தப் புத்தி இல்ல" என்றான். அன்றிலிருந்து மாதாமாதம் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தஞ்சாவூருக்குப் போவான். மினிமம் கட்டிவிட்டு வருவான். ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை இல்லாது போன வருஷம் வண்டி வாசலிலேயே நின்றது. அப்போதும் கட்டினான். ஒரு மாதம் தவறவில்லை. இதைத் தெருவில் எல்லோரிடமும் சொல்வான். சொல்லும்போது அவனைப் பார்க்க அழகாக இருக்கும்.

நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டு, தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் இடத்தில் வேலை பார்த்தேன். கார்டு தேய்க்கிற மெஷின் எனக்கும் கேஷியர் அக்காவுக்கும் நடுவில் இருக்கும். கார்டில் துணி எடுக்க ஒரு வாத்தியார் வருவார். பில்லை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, ஒரு தட்டுத் தட்டிக்கொள்வார். கடைசித் தேதிக்கு முன்னால் முழுசாகக் கட்டிவிடுவாராம். "இந்த ஆளால பேங்குக்கு ஒத்தப் பைசா பிரயோஜனம் இல்ல" என்று அக்கா சிரிப்பாள். "மினிமம் கட்டுறான் பாரு, அவனைத்தான் பேங்குக்காரன் வீட்டு மாப்பிள்ளையா வச்சுக் கொண்டாடுவான்." ஏன் அக்கா என்று கேட்டேன். "அடி போடி. மினிமம் கட்டுனா கடன் குறையுமா? மிச்சத்துக்கு மாசா மாசம் வட்டி. அடுத்த மாசம் அந்த வட்டிக்கும் வட்டி. இதுல புதுசா டீசல் போட்டாலும் போட்ட அன்னையிலேர்ந்தே வட்டி. கிணத்துக்குள்ள இறங்கிக்கிட்டே ஏறுறேன்னு நெனச்சுக்கிறவன் அவன்." அண்ணன் டீசலும் அதில்தான் போட்டான், இரண்டு டயரும் அதில்தான் வாங்கினான்.

அன்று சாயங்காலம் சொல்லத்தான் பஸ் ஏறினேன். வீட்டுக்குப் போனால் கும்பகோணத்தில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டுப் போயிருந்தார்கள். ஐந்து பவுன் செயின் கேட்டார்களாம். அது இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வார்களாம். அதற்கு முன் இரண்டு இடம் நகைக்காகவே தட்டிப்போயிருந்தது. அண்ணன் மாதா படத்துக்குப் பின்னால் கைவிட்டுக் கார்டை எடுத்தான். என்னைப் பார்த்துக் கேட்டான். "பாப்பா, நீதான் கார்டு தேய்க்கிற எடத்துல இருக்கியே. செயினை இதுல எடுத்துட்டா, மாசா மாசம் மினிமம் கட்டினாப் போதும்ல? அது வட்டி மட்டும்தானே?"

நான் "ஆமா" என்றேன்.

யோசிக்காமல் சொன்னேன் என்று எழுதினால் பொய். நன்றாக யோசித்தேன். அவன் கையில் இருந்த கார்டைப் பார்த்தேன், வெறுமையாக இருந்த என் கழுத்தை நினைத்தேன். தெரிந்தால் பயந்துவிடுவான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொன்னேன். நகைக்கடையில் சீட்டு மெஷினை விட்டு வந்தபோது நாக்கைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் போல அண்ணன் மெதுவாகக் கையெழுத்துப் போட்டான். எனக்கு அந்தச் செயின் கழுத்தில் சில்லென்று இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இதையும் மறைக்கக் கூடாது.

கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து, ஒரு பங்குனி மத்தியானம் அண்ணன் கும்பகோணம் வந்தான். சாக்கில் பத்துப் படி உளுந்து கொண்டுவந்திருந்தான். என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் உட்காரக்கூட இல்லை. வண்டியைப் பழுது பார்த்து எஃப்.சி. எடுக்க வேண்டியிருந்ததால் இரண்டு மாதம் கட்டவில்லையாம், பேங்கில் இருந்து ஆட்கள் வந்து தெருவில் நின்று கத்தினார்களாம். கடிதத்தை யாரிடமோ காட்டியபோதுதான் விஷயம் தெரிந்ததாம். மூன்று வருஷம் கட்டியும் வாங்கியதைவிடப் பாக்கி அதிகமாக நிற்கிறதாம். "பாப்பா, அந்தச் செயினை மட்டும் குடு. அடகு வச்சு கார்டை முழுசா முடிச்சுடுறேன். அறுப்பு வந்ததும் மீட்டுக் கொண்டாந்துடுறேன்" என்றான்.

கணவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "மச்சான் மூணு வருஷமா வட்டி கட்டியே பேங்கைத் தூக்கி நிறுத்திட்டாரு. அவரு பேருல ஒரு கிளையே தொறக்கலாம்" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "எனக்கு அப்பவே தெரியுங்க, இதுக்குத்தான் தெரியல. மினிமம் கட்டுறேன்னு வெள்ளச் சட்டை வேற, என்னமோ கவர்மென்ட் ஆபீசர் மாதிரி" என்றேன். கணவர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். மூன்று வருஷத்தில் அவரை நான் சிரிக்கவைத்தது அதுதான் முதல் தடவை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அண்ணன் சிரிக்கவில்லை. "அப்பவே தெரியுமா?" என்றான். "ஏன் பாப்பா சொல்லல?"

"சொன்னா செயின் போட்டிருப்பியா?"

கொஞ்ச நேரம் என் கழுத்தையே பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு சாக்கைச் சுவரோரம் நகர்த்தி வைத்து, "உளுந்து கொஞ்சம் ஈரமா இருக்கு. ஒரு வெயில் காயவச்சு டப்பால போடு, இல்லாட்டி வண்டு விழுந்துடும்" என்றான். சாப்பிடாமல் போனான். சாப்பிடு என்று நானும் சொல்லவில்லை.

அதன் பிறகு பேராவூரணியில் இருந்து திருச்சிக்குத் தேங்காய் லோடு அடிக்க ஆரம்பித்தான் என்று அம்மா போனில் சொன்னாள். தன் லோடு முடித்துவிட்டு அடுத்தவன் லோடும் ஏற்றினானாம். நான்காவது மாதம், பட்டப்பகலில், வண்டி வாய்க்கால் கரையில் இறங்கிக் கவிழ்ந்தது. ஆடு குறுக்கே வந்தது என்றார்கள் சிலர். கண் அசந்திருப்பான் என்றார்கள் சிலர். தண்ணீரில் தேங்காய்கள் மிதந்துகொண்டு போனதை ஊரே நின்று பார்த்ததாம். பிறகுதான் அவனைத் தூக்கினார்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் கணவரிடம் சொல்லாமல் செயினை அடகு வைத்தேன். பணத்தையும் இறப்புச் சான்றிதழையும் கார்டையும் எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனேன். அங்கே ஒரு மேடம் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "உங்க அண்ணன் பேர்ல பாக்கி இல்லம்மா. ஆக்சிடென்ட் கேஸ்ல, கார்டுலயே இன்சூரன்ஸ் இருந்துச்சு. லோன் செக்‌ஷன்ல வண்டிக் கடனுக்காக உங்க வீட்லேர்ந்து பேப்பர் கொடுத்தப்பவே, இதுக்கும் சேர்த்து எழுதி அனுப்பிட்டாங்க. அந்தப் பணத்துல கார்டு பாக்கி நேர் ஆயிடுச்சு" என்றார். இல்லை, நான் கட்டத்தான் வந்தேன் என்றேன். "எதுக்கும்மா? அவர் முழுசா குளோஸ் பண்ணிட்டாரு." சொல்லிவிட்டு டிராயரில் இருந்து கத்தரிக்கோலை எடுத்துக் கார்டை வெட்டினார். துண்டுகளைக் குப்பைக் கூடையில் போடப் போனார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலமே செயினை மீட்டேன். ஒரு நாள் வட்டி பிடித்துக்கொண்டார்கள். அந்தச் செயினுக்காக நான் கட்டிய வட்டி அவ்வளவுதான்.

இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போனேன். கணவர் வற்புறுத்தியதால் செயினைப் போட்டிருந்தேன். பெட்டியில் இருந்து அதை எடுத்தபோது இரண்டு துண்டுகளும் சேர்ந்து வந்தன. ஏனோ அவற்றையும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அண்ணன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றினோம். பக்கத்துக் கல்லறைக்கு வந்த பெரியம்மா ஒருத்தி, "பாவம், கடனை வச்சுட்டுப் போயிட்டானாமே" என்றாள். அம்மா விருட்டென்று திரும்பினாள்.

"யார் சொன்னது? எம் புள்ள ஒரு மாசம் தவறினதில்ல. எல்லாத்தையும் முழுசா அடைச்சுட்டுத்தான் போனான். யாருகிட்டயும் போய்க் கையேந்தல." என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இவளுக்குத் தெரியும், கடையில கார்டு தேய்ச்சவ. கேட்டுப் பாரு. சொல்லுடி, அப்படித்தானே?"

காற்றில் மெழுகுவத்தி அணையப் பார்த்தது. கையை வைத்து மறைக்கக் குனிந்தேன். செயின் முன்னால் தொங்கி, ஈரச் சுண்ணாம்பில் பட்டது. கைப்பைக்குள் அவன் பெயர் இரண்டு துண்டாகக் கிடந்தது.

"ஆமா" என்றேன்.