எலிதின்னி கவுன்சிலரின் இரங்கல் உரை

லெவிசன் ஜெரே கப்வே ஊர்ச் சந்தையில் பழைய துணி விற்பவர். மூட்டையைப் பிரித்துவிட்டு அவர் கூவினால் ரயில் நிலையம் வரை கேட்கும். ஒலிபெருக்கி வாடகை மிச்சம் என்றுதான் கட்சி அவரைத் தேர்தலில் நிறுத்தியது என்பார்கள். கவுன்சிலரானதும் சந்தைக்குப் பாதிக் கூரை போட்டார். மீதிப் பாதியைக் காட்டி அடுத்த தேர்தலையும் ஜெயித்தார்.

கூரை வராத பாதியில் முலெங்காவின் சைக்கிள் கடை. ஜெரே கிழக்கேயிருந்து வந்த ங்கோனி இனத்தவர், முலெங்கா பெம்பா இனத்தவர். இரண்டு கூட்டத்துக்கும் பரம்பரையாகக் கேலிமுறை; ங்கோனியை எலிதின்னி என்றும் பெம்பாவைக் குரங்குதின்னி என்றும் வைதுகொள்வார்கள். என்ன திட்டினாலும் கோபம் வரக் கூடாது. காலையில் ஒருவரையொருவர் வைத பிறகுதான் இருவரும் கடை திறப்பார்கள்.

"ஏய் எலிதின்னி! என் கூரை எங்கடா? அதையும் தின்னுட்டியா?"

"குரங்கு திங்கிறவனுக்கு மரம் போதாதா? கூரை ஒரு கேடா?"

மூன்றாவது தேர்தலுக்கு முன் கட்சி அவரைத் தலைநகருக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. தலைவன் என்றால் கோட்டுப் போட வேண்டும், யார் சீண்டினாலும் கண்ணியமாகப் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஜெரே கோட்டோடு வந்து இறங்கினார்.

"எலிதின்னி வந்துட்டான்!" என்றார் முலெங்கா.

"வணக்கம் ஐயா. நலமா இருக்கீங்களா?"

சக்கரத்தை முடுக்கிக்கொண்டிருந்த முலெங்கா ஸ்பேனரைக் கீழே வைத்தார். அன்று கடையைப் பாதியிலேயே மூடிவிட்டுப் போனார். பெம்பாக்காரர்கள் கூடிக் கூடி முணுமுணுத்தார்கள். நம்மை வேற்றாளாக்கிவிட்டான், நம் ஓட்டு மட்டும் அவனுக்கு எதற்கு?

அந்த வாரமே நெஞ்சுவலியில் முலெங்கா போய்ச் சேர்ந்தார்.

துக்க வீட்டில் கேலிமுறைக்காரன் அழக் கூடாது. சவப்பெட்டியை மறித்து, வம்பு பண்ணி, சிரிக்க வைப்பதுதான் அவன் வேலை. ஜெரேயோ கோட்டுப் பையிலிருந்து தாளை எடுத்து, "பெருமதிப்பிற்குரிய அமரர் முலெங்கா அவர்கள்" என்று வாசித்தார்.

முலெங்காவின் அக்கா கசுபா எழுந்து வந்தாள். தக்காளி வியாபாரி; அவள் சொன்னால் சந்தையே கேட்கும்.

"ஏய்யா ஜெரே, முறையை அறுத்துட்டியா? என் தம்பி உனக்கு என்ன பண்ணான்? அறுத்துட்டேன்னா வாய்விட்டுச் சொல்லிடு. நாங்களும் அப்படியே நடந்துக்கறோம்."

ஜெரே தாளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். கோட்டைக் கழற்றி வீசிவிட்டுப் பெட்டிக்கு முன்னால் மண்ணில் மல்லாந்து படுத்தார்.

"தூக்க விடமாட்டேன்! இன்னும் மூணு வாரத்துல தேர்தல். எனக்கு ஓட்டுப் போடணுமேன்னு பயந்தே செத்துட்டான் இந்தக் குரங்குதின்னி! எழுந்திருடா திருடா! ஓட்டைப் போட்டுட்டு அப்புறம் போ!"

முதலில் கசுபாதான் சிரித்தாள், கண்ணீரும் மூக்குமாக. "இழுத்துப் போடுங்கடா இந்த எலிதின்னியை!"

நாலு பேர் காலைப் பிடித்து இழுத்தார்கள். வெள்ளைச் சட்டை செம்மண்ணாயிற்று. இழுபடும்போது ஜெரே அழுதுகொண்டிருந்தார். கூடாதுதான். யாரும் கண்டுகொள்ளவில்லை.

தேர்தலில் ஜெயித்த மறுநாள் கசுபாவின் கடைக்கு வந்தார்.

"ரொம்ப ஆடாதேய்யா" என்றாள். "முன்னாடி ரெண்டு தடவையும் என் தம்பி உனக்குத்தான் ஓட்டுப் போட்டான். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தான்."

ஜெரே ஒரு தக்காளியை எடுத்து வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தார். "குரங்குதின்னி. கடைசி வரைக்கும் ஏமாத்திட்டானே."

அந்த வாரமே மீதிக் கூரை வேலை தொடங்கியது. அடுத்த தேர்தலுக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாதே என்று கட்சிக்காரர்கள்தான் கவலைப்பட்டார்கள்.