தர்மபுரத்தில் "போ", தண்ணீரூற்றில் "இரு": கடைசி ஆட்டத்துக்குப் போன வான்

பங்குனி வெயில் சுடத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சியிலிருந்து தண்ணீரூற்றுக்குப் போய்வந்தோம். எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்கு அது பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால் முதலாம் பிரிவில் இருக்கலாம். இல்லாவிட்டால் இரண்டாம் பிரிவுக்கு இறங்கவேண்டும். கழகத்தின் பயிற்றுவிப்பாளர் என் கணவர். இறங்கினால் இவரை மாற்றுவதென்று ஊரில் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. ஒன்பது வருடமாகப் பின்னேரம் நான்கு மணிக்கு விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளிக்கிடும் மனிதர். அந்த விசில் இல்லாமல் வீட்டுக்குள் என்ன செய்வார் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

விளையாட்டு வீரர்களும் இவரும் கழக பஸ்ஸில் முதலே போய்விட்டார்கள். அதில் குடும்பத்தவர் ஏறக்கூடாதென்பது இவரே போட்ட சட்டம். ஆகவே நான் ஆதரவாளர்களின் வானில் ஏறினேன். போய்வர 24,000 ரூபாய், பதினைந்து பேர், ஆளுக்கு 1,600. தனியே போகிறவர்களுக்கு பஸ் இதைவிட மலிவு. ஆனால் வட்டாப்பளை அம்மன் கோயிலடியில் இறங்கிக் கும்பிட்டுப் போகவேண்டுமென்றால் வான்தான் வசதி.

காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். பரந்தன் சந்தியில் வலப்பக்கம் திரும்பும்வரை எல்லோரும் மரியாதையாகத்தான் இருந்தார்கள். அதற்குப் பிறகு பவான் தொண்டையைச் செருமினார். ஓட்டோ ஓடுபவர், ஊரிலேயே சத்தமான ஆதரவாளர்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. கோச்சை மாத்தத்தான் வேணும்."

"குறை நினைக்கிறதும் விடுறதும் என்ர பாடு. நீர் சொல்லும்."

"கீதன்ர காலுக்குப் பந்து வந்தா அது அவன்ர சீதனம் மாதிரி. ஒருத்தருக்கும் குடான். அவனை இன்னும் முன்னுக்கு விட்டு வைச்சிருக்கிறார்."

"கீதனை விடு," என்றார் பலசரக்குக் கடை நடேசண்ணை. "கோல் கீப்பர் விமலைப் பார். பந்து வந்தா விலத்தி வழிவிடுறான். நல்ல மரியாதை தெரிஞ்ச பெடியன்."

விமலின் அக்கா சுகந்தி எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். "அண்ணை, அவனுக்கு முன்னால நிக்கிற நாலு பேரும் பந்தையும் விட்டு ஆளையும் விட்டா அவன் தனிய என்ன செய்யிறது? நீங்கள் ஒருக்கால் கோலுக்குள்ள நிண்டு பாருங்கோ. வலை தேவைப்படாது, நீங்களே அடைச்சுக்கொண்டு நிப்பியள்."

நடேசண்ணையின் உடம்பு அப்படி. அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

தர்மபுரம் வந்தபோது அடுத்த கோச் யாரென்ற கதை சூடாகிவிட்டது. கனடாவிலிருந்து வந்து நிற்கும் றவி என்றார் பவான். லப்ரொப் கணினியில் ஆட்டத்தையெல்லாம் கீறிக் காட்டுகிறாராம்.

"அவருக்குத் திரும்பிப் போக எப்ப ரிக்கெற்?" என்று கேட்டேன்.

"வைகாசி."

"அப்ப பங்குனியில கோச், வைகாசியில எயார்போட்."

வான் முழுவதும் சிரித்தது. ஆனால் பவான் விடவில்லை. "ஆர் வந்தாலும் பரவாயில்லை அக்கா. இவர் போகவேணும்." அதற்கு ஒருவரும் சிரிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. நான் ஜன்னலுக்கு வெளியே அரிவி வெட்டி முடிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதுக்குடியிருப்பில் 10.20க்குத் தேநீர் குடித்தோம். பிளேன்ரீ 50 ரூபாய், ரோல்ஸ் 100. இரண்டும் நன்றாக இருந்தன. எங்கள் சாரதி நௌசாத் தண்ணீரூற்றுக்காரர். எதிர்க்கழகத்தின் ஆள் என்பதை மறைக்கவுமில்லை. "தோக்கிறதுக்கே இவ்வளவு செலவழிச்சுப் போறியள். வெண்டால் பிளேனிலயோ போவியள்?" என்று கேட்டார். தோற்றாலும் போவோம் தம்பி, என்றேன். அதை மட்டும் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

அங்கிருந்து கேப்பாப்பிலவுப் பாதையால் வட்டாப்பளை. பதினொரு மணிக்கு இறங்கினோம். அர்ச்சனைத் தட்டு 350 ரூபாய். கோயில் வாசலில் வைத்துத்தான் பவானுக்கு அந்த எண்ணம் வந்தது.

"ஏன் நாங்கள் சண்டை பிடிப்பான்? அம்மனிட்டயே கேப்பம். பூக்கட்டிப் பாப்பம்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் வெவ்வேறாக இலையில் சுற்றிக் கட்டி, சந்நிதியில் வைத்து, விஷயம் தெரியாத ஒருவரைக் கொண்டு ஒன்றை எடுப்பிப்பார்கள். கலியாணத்துக்கும் காணி வாங்குவதற்கும் எங்கள் பக்கத்தில் இப்படிப் பார்ப்பதுண்டு. கோச்சுக்குப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

"கேளுங்கோ," என்றேன். "ஆனால் பூக் கட்டுறது நான்."

"நீங்கள் கட்டினால் ரெண்டுக்குள்ளயும் வெள்ளைதான் இருக்கும்."

"பவான், உம்மை ஏமாத்தினாலும் ஏமாத்துவன். அவாவை ஏமாத்தமாட்டன்."

வெள்ளை வந்தால் இவர் இருப்பது, சிவப்பு வந்தால் வேறு ஆள். வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்குச் செவ்வரத்தை. வாழையிலையில் ஒரே அளவாகச் சுற்றி, எனக்கே அடையாளம் தெரியாமல் தட்டில் உருட்டிவிட்டேன். துணுக்காயிலிருந்து நேர்த்திக்கு வந்திருந்த ஒரு அம்மாவிடம் ஒன்றை எடுக்கச் சொன்னோம். எடுத்துப் பிரித்தார். செவ்வரத்தை.

பவான் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆட்டம் முடியும்வரை இதை வெளியே விடுவதில்லை என்று மட்டும் பேசிக்கொண்டோம். பூசையில் தீபம் காட்டியபோது "சரி அம்மா" என்றேன். கோபத்தோடுதான் சொன்னேன். அவாவுக்குத் தெரிந்திருக்கும்.

கோயிலடி மரநிழலில் கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிட்டோம். பிறகு தண்ணீரூற்று மைதானம். ஆட்டம் மூன்றரைக்கு. மேற்குப் பக்கம் இரண்டு வேப்பமரம் நிற்கிறது. அந்த நிழலில் இடம் பிடிப்பதானால் இரண்டரைக்கே போய்விடுங்கள்.

முதல் பாதியில் எங்கள் வலைக்குள் ஒரு கோல் விழுந்தது. நௌசாத் எங்களுக்குத் தம்பிலி இளநீர் வாங்கித் தந்தார். ஆறுதலுக்கு என்று சொன்னாலும் பல்லெல்லாம் தெரிந்தது. இடைவேளையில் இவர் கீதனை நடுவிலிருந்து ஓரத்துக்கு மாற்றினார். "முடிஞ்சுது," என்றார் பவான். கொஞ்ச நேரத்தில் கீதன் தூரத்திலிருந்து அடித்த பந்து நேரே வலைக்குள் போனது. ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது கோலுக்கு முன்னால் மறுபடியும் அவனுக்குப் பந்து. அடிக்கப்போகிறான் என்று எல்லோரும் நினைத்தோம். பக்கத்தில் வந்தவனுக்குத் தட்டிவிட்டான். இரண்டுக்கு ஒன்று.

"குடுத்திட்டான்," என்றார் பவான். யாரோ காணியை எழுதிக் கொடுத்ததுபோல் அதையே சொல்லிக்கொண்டு நின்றார். "அக்கா, அவன் குடுத்திட்டான்."

கடைசி நிமிடத்தில் வந்த பந்தை விமல் பாய்ந்து பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். சுகந்தி திரும்பி, "நடேசண்ணை, மரியாதை தெரிஞ்ச பெடியன் ஏன் இப்ப விலத்தேல்லை?" என்றார்.

நாங்கள் வென்றுவிட்டோம். இவரைத் தோளில் தூக்கினார்கள். தூக்கியவர்களில் முதல் ஆள் பவான். "வாற வருஷமும் இவர்தான் கோச்," என்று கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் கை எழும்பியது, கீழே விட்டேன்.

"பவான், பூ என்ன சொன்னது?"

"அக்கா, அது காலமை."

"அம்மனுக்குக் காலமை பின்னேரம் உண்டோ?"

நடேசண்ணை குறுக்கே வந்தார். "போற வழிதானே, இன்னொருக்கால் கட்டிப் பாப்பம்."

"பிடிச்ச பதில் வருமட்டும் கேக்கிறது கும்பிடு இல்லை அண்ணை, பேரம். தர்மபுரத்தில போ எண்டியள். தண்ணீரூற்றில இரு எண்டுறியள். விசுவமடு கடக்கேக்க திரும்பவும் போ எண்டுவியள். இந்த மனுசன் உங்கட வானுக்குப் பூட்டின கியர் இல்லை."

இவர் தோளிலிருந்து இறங்கி வந்தார். நடந்ததைச் சொன்னேன். இவர் கோயிலுக்கு வந்தால் வெளியே செருப்புக்குக் காவல் நிற்கிற ஆள். என்ன சொல்வாரோ என்றிருந்தது.

"ஆர் பூக் கட்டினது?"

"நான்."

"ஒரே அளவாக் கட்டினனீரோ?"

"ஓம்."

"அப்ப சரி. நீர் கட்டினால் களவு இராது." பிறகு விசிலைக் கழற்றினார். பவானின் கையைப் பிடித்து அதற்குள் வைத்தார். "நாளைக்கு நாலு மணிக்குப் பெடியள் வருவாங்கள். ஆள் கிடைக்குமட்டும் நீர் ஊதும்."

"ஐயோ அண்ணை, நானோ?"

"வானில எல்லாம் தெரிஞ்ச ஆள் நீர்தானாம்."

வீட்டுக்காரரின் பதவியை நானே பறித்துவிட்டதாக ஊரில் சிலர் கதைக்கிறார்கள். கதைக்கட்டும். தோற்றதற்காக இவரை ஒருவரும் துரத்தவில்லை. வென்ற மைதானத்திலிருந்து தன் காலால் நடந்து வந்தார். அதை நான் கண்ணால் பார்த்தேன், அது காணும்.

இப்படிப் போகிறவர்களுக்குச் சில விஷயம். திங்கட்கிழமை வட்டாப்பளையில் கூட்டம் அதிகம், அவசரமானவர்கள் வேறு நாள் பாருங்கள். குடையும் தண்ணீரும் கட்டாயம். எல்லாம் சேர்த்து எனக்கு 2,100 ரூபாய் முடிந்தது. பூக்கட்டிப் பார்ப்பதென்றால் பதிலை ஏற்கிற நெஞ்சோடு கட்டுங்கள், முடியாவிட்டால் கட்டாதீர்கள்.

கோச் கழக பஸ்ஸில்தான் போகவேண்டுமென்பது சட்டம் என்பதால் திரும்பும்போது பவானை அதில் ஏற்றிவிட்டார்கள். வானில் அவருடைய இருக்கை காலியாக இருந்தது. இவர் அதில் ஏறி இருந்தார். விசுவமடு கடந்ததும் முன்பக்கம் குனிந்து, "நடேசண்ணை, குறை நினையாதேங்கோ," என்று தொடங்கினார். "கீதனைப் பவான் ஓரத்தில விடுவானோ எண்டு எனக்குச் சந்தேகம்."

வரும் மாதம் ஓமந்தையில் ஒரு சிநேகபூர்வ ஆட்டம் இருக்கிறது. இரண்டு இருக்கைக்குச் சொல்லிவிட்டேன். ஜன்னல் பக்கம் எனக்கு.