நிலுவையில் நாற்பது நிமிடம்

யார் என்ன சொன்னாலும் அம்மா முதலில் கடிகாரத்தைப் பார்ப்பாள். அதன் பிறகுதான் சொன்னவர் முகத்தை. பால் பொங்குகிறது என்றாலும் அப்படித்தான். பக்கத்து வீட்டில் திருடன் என்றாலும் அப்படித்தான். எங்கள் குடும்பத்திலேயே முதல் ஆளாக நான் பட்டம் வாங்கிவிட்டதை வாசலிலிருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்த அன்றும் அம்மா சுவரைத்தான் பார்த்தாள். பதினொன்று இருபது. பிறகுதான் என்னைப் பார்த்து அழுதாள். இடையில் போன அந்த இரண்டு நொடிக்காக நான் வெகுகாலம் அவள்மேல் கோபமாக இருந்தேன்.

அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தாள். அறைகளைத் திறப்பது, குடிநீர் நிரப்புவது, சுற்றறிக்கையை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவது எல்லாம் அவள் வேலைதான். ஆனால் பிள்ளைகளுக்கு அவள் 'பெல்லக்கா'. ஆசிரியைகளுக்கும் பெல்லக்காதான். வராந்தாவில் தொங்கும் இரும்புத் துண்டில் சின்னச் சுத்தியலால் பாடவேளை முடிந்தால் ஒரு அடி, இடைவேளைக்கு இரண்டு. பள்ளி விடும்போது லாங் பெல்: கை ஓயும்வரை நிறுத்தாமல் அடிப்பது.

பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே 'தற்காலிகம்' என்று எழுதியிருந்தது. பதினெட்டு ஆண்டுகளாகத் தற்காலிகம். நிரந்தரம் ஆனால் ஓய்வூதியம் உண்டு. காய்ச்சல் வந்தால் விடுப்பு உண்டு. அதற்கான கோப்பு மேசை மேசையாக ஏறி, ஒருவழியாகக் கல்வி அலுவலகத்தின் கடைசி மேசைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. "அடுத்த மாசம் கையெழுத்து ஆயிடும்" என்று எழுத்தர் சொல்லியனுப்பியிருந்தார். அந்த அடுத்த மாதம் வருவதற்குள் இது நடந்தது. அம்மா நேரத்தோடு பலமுறை சொல்லிக் கேட்டதால் பக்கத்தில் நின்று பார்த்ததுபோலவே எனக்கு இருக்கிறது.

மதியம் இரண்டு முப்பத்தைந்துக்கு லேத்துப் பட்டறைக்காரர் ஒருவர் வாயிற்கதவை உலுக்கினார். அவர் மகள் எட்டாம் வகுப்பு. முந்தின நாள் கணக்கு வாத்தியார் அந்தப் பெண்ணைக் கன்னத்தில் அறைந்திருக்கிறார். காது இன்னும் இரைகிறதாம்.

"பெல்லக்கா, அந்தக் கணக்கு வாத்தியைக் கூப்பிடு."

"வகுப்புல இருக்காரு தம்பி. பெரிய டீச்சரைப் பாருங்க."

"யாரையும் பாக்கறதுக்கு நான் வரல. மூணரைக்கு ஆளோட வர்றேன். எந்தக் கையால என் புள்ளைய அடிச்சானோ, அந்தக் கையை எடுக்காம திரும்ப மாட்டேன். சொல்லி வை."

அம்மா அதை ஒரு சொல் பிசகாமல் தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னாள். அவர் நல்லவர். நல்லவர்களுக்கே உரிய பதற்றத்தோடு அலமாரியைத் திறந்து சுற்றறிக்கையைத் தேட ஆரம்பித்தார். பள்ளிகளில் மிரட்டல் விடுக்கப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பதினோரு பக்கத்தில் வந்திருந்த சுற்றறிக்கை. அது கிடைக்கவே பன்னிரண்டு நிமிடம். பிறகு கல்வி அலுவலகத்துக்குத் தொலைபேசினார். அந்தத் தொலைபேசியில் எதிர்முனை பேசுவது வராந்தாவரை கேட்கும்.

"மிரட்டலை எழுத்துல வாங்கினீங்களா மேடம்?"

"யார்கிட்ட சார்?"

"மிரட்டினவர்கிட்டதான். வாய்மொழியா வந்தா எழுத்துப்பூர்வமாப் பெறணும்னு மூணாவது பக்கத்துல இருக்கே."

"அவர் போயிட்டார் சார்."

"எப்படிப் போக விட்டீங்க?"

அடுத்துக் காவல் நிலையம். "ஏதாவது நடந்தா உடனே கூப்பிடுங்க" என்றார்கள், மிகுந்த அக்கறையோடு. அடுத்துக் குழு. மிரட்டல் தீவிரமானதா, தீவிரமற்றதா என்பதை ஐந்து பேர் கொண்ட குழு கூடி முடிவு செய்ய வேண்டும் என்றது ஐந்தாம் பக்கம். பெற்றோர் சங்கத் தலைவர் வெளியூரில் இருந்தார். மூத்த ஆசிரியர் என்ற முறையில் குழுவில் இருந்த இன்னொருவர் கணக்கு வாத்தியாரேதான். அவரைக் கூப்பிட்டுச் சொன்னதும், "தீவிரம்! தீவிரம்னே எழுதுங்க மேடம்" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சம்பந்தப்பட்டவர் சார். நீங்க கருத்து சொல்ல முடியாது."

"கை என்னோடது மேடம்!"

அம்மா கதவோரம் நின்றபடி சுவரைப் பார்த்தாள். மூன்று எட்டு. "டீச்சர், என்ன பண்ணட்டும்?" என்று கேட்டாள். தலைமையாசிரியை பொறு என்று கையைக் காட்டினார். மறுபடி லைனில் இருந்தார். மூன்று பத்துக்கு அம்மா வராந்தாவுக்குப் போய்ச் சுத்தியலை எடுத்தாள். லாங் பெல்.

பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஏன் என்று எவரும் கேட்கவில்லை. சீக்கிரம் விட்டால் எந்தப் பிள்ளை காரணம் கேட்கும்? பையை மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே போனார்கள். ஒரு பிள்ளையும் பயப்படவில்லை, ஒரு பிள்ளையும் அழவில்லை. அந்தப் பதினோரு பக்கத்தில் எதைச் செய்திருந்தாலும் இது கிடைத்திருக்காது. கணக்கு வாத்தியாரின் வண்டி எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் போய்விட்டது.

தலைமையாசிரியை வெளியே ஓடிவந்தார். "யாரு அடிக்கச் சொன்னது?"

"மூணரைன்னு சொல்லியிருக்காரு டீச்சர். சின்னதுங்க மெயின் ரோட்டைத் தாண்ட இருபது நிமிஷம் வேணும்."

பட்டறைக்காரர் மூன்று முப்பத்தைந்துக்கு வந்தார். ஐந்து நிமிடம் தாமதம் என்பதை அம்மா எப்போதும் மறக்காமல் சொல்வாள். உடன் இரண்டு பேர். வண்டியில் நீளமாக ஏதோ துணியில் சுற்றியிருந்தது. அம்மா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க எல்லாரும்?"

"பள்ளிக்கூடம் விட்டாச்சு."

"மூணு அம்பதுக்குத்தான விடுவீங்க?"

"இன்னிக்கு விட்டாச்சு தம்பி. உங்க பொண்ணும் வீட்டுக்குப் போயிருக்கும். தண்ணி குடிக்கறீங்களா?"

காலியான மைதானத்தைப் பார்த்து ஒருவர் எவ்வளவு நேரம் கோபமாக நிற்க முடியும்? அவர் தண்ணீர் குடித்தார். கூட வந்தவர்களில் ஒருவன், "அண்ணே, பட்டறையைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கோம்" என்றான். அப்போது தலைமையாசிரியை ஒரு வெள்ளைத்தாளோடு வந்தார். சுற்றறிக்கையின் மூன்றாம் பக்கம் அவரை விடவில்லை.

"நீங்க மத்தியானம் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

பட்டறைக்காரர் தாளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "நான் என்னக்கா சொன்னேன்?"

அம்மா அப்படியே ஒப்பித்தாள், கையை எடுக்காம திரும்ப மாட்டேன் என்பதுவரை. அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்படியா சொன்னேன்?" என்றார். தாளை வாங்கவில்லை. "என் புள்ளையை இனிமே எவனும் தொடக்கூடாதுன்னு எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். மறுநாள் அந்தப் பெண் பள்ளிக்கு வந்தாள். கணக்கு வாத்தியார் அதன்பிறகு யார்மேலும் கை வைத்ததாகக் கேள்விப்படவில்லை.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஐந்து இருபதுக்குக் காவல் நிலைய ஏட்டு வந்தார்.

"அவர் சொன்னது என்னம்மா?"

"கையை எடுப்பேன்னு சொன்னாருங்க ஐயா."

"எந்தக் கை?"

"அடிச்ச கை."

"வலதா, இடதா?"

"கேக்கலைங்க."

"கேக்க வேணாமா? எந்தக் கைன்னு தெரியாம நான் என்னத்தை எழுதறது? சரி, ஆயுதம் ஏதும் இருந்துச்சா?"

"நீளமா ஒண்ணு துணியில சுத்தி இருந்துச்சு."

"உள்ள என்னன்னு பாத்தீங்களா?"

"இல்லைங்க."

"அப்ப துணின்னு மட்டும் எழுதிக்கறேன்."

இரண்டு வாரம் கழித்து ஒரு வரியில் கடிதம் வந்தது. மிரட்டல் நிறைவேற்றப்படாததால் மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது. ஏன் நிறைவேற்றப்படவில்லை என்று எந்த அதிகாரிக்கும் தோன்றவில்லை. அதே தபாலில் அம்மாவுக்கு ஒரு குறிப்பாணையும் வந்தது: உரிய ஆணையின்றிப் பள்ளி விடும் மணியை அடித்தது ஏன் என ஏழு நாட்களுக்குள் விளக்கம் தருக.

அம்மா அதை என்னிடம் நீட்டினாள். "நீதான் எழுதணும். டிகிரிக்காரி வீட்டுல இருக்கும்போது வெளியாள்கிட்ட எதுக்குப் போகணும்?"

"என்னம்மா எழுதட்டும்?"

"அந்த ஆளு மூணரைக்கு வர்றேன்னாரு, நான் மூணு பத்துக்கு அடிச்சேன். அவ்ளோதான்."

அவ்வளவுதான் எழுதியிருக்க வேண்டும். எனக்கு அது போதவில்லை. பட்டம் வாங்கி ஓராண்டு ஆகியிருந்தது. அலுவலக மொழி எனக்கும் வரும் என்று யாருக்காவது காட்ட வேண்டியிருந்தது. யாருக்கு என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. வருத்தம் தெரிவித்தால் மேலே இருப்பவர்கள் மனமிரங்குவார்கள் என்றும் நம்பினேன். 'மாணவர்களின் பாதுகாப்பைக் கருதியே செய்தேன்' என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதினேன். கடைசியில், அழகாக இருக்கும் என்று, 'இதனால் கற்பித்தல் நேரத்தில் ஏற்பட்ட சிறிது இழப்புக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன்' என்று ஒரு வரி சேர்த்தேன்.

வாசித்துக் காட்டியபோது அம்மா அந்த இடத்தில் நிறுத்தினாள்.

"சிறிதுன்னா எவ்ளோ?"

"சும்மா, கொஞ்சம்னு அர்த்தம்."

"மூணு பத்துல இருந்து மூணு அம்பது. நாப்பது நிமிஷம்னு போடுடி. நேரத்துல பொய் சொல்லக்கூடாது."

போட்டேன். அம்மா திருத்தமாகக் கையெழுத்திட்டாள்.

குறிப்பாணையில் இழப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. எங்கள் கடிதம் போகும்வரை அந்த அலுவலகத்தில் எவரும் கணக்குப் பார்த்திருக்கவே இல்லை. நாங்களே எழுதிக் கொடுத்துவிட்டோம். அடுத்த ஆணை என் வரியை அப்படியே எடுத்துக்கொண்டது: 'விளக்கம் ஏற்கப்படுகிறது. எனினும், பணியாளரே ஒப்புக்கொண்ட நாற்பது நிமிடக் கற்பித்தல் இழப்பு ஈடுசெய்யப்படும்வரை, பணி நிரந்தரக் கோப்பு நிறுத்திவைக்கப்படுகிறது.'

ஈடுசெய்வது பெரிய விஷயமா என்றுதான் முதலில் நினைத்தோம். தலைமையாசிரியை நான்கு நாள் தினமும் பத்து நிமிடம் தாமதமாகப் பள்ளியை விட்டார். அம்மா நான்கு நாளும் நான்கு மணிக்கு லாங் பெல் அடித்தாள். பதில் வந்தது: இழப்பு ஒரே நாளில், ஒரே தொடர்ச்சியில் ஏற்பட்டதால் ஈடும் அவ்வாறே அமைய வேண்டும். ஒரே நாளில் நாற்பது நிமிடம் நீட்டிக்கலாம் என்றால், பேருந்து போய்விடும் என்று பெற்றோர்கள் மறுத்தார்கள். சனிக்கிழமை வைக்கலாம் என்றால் ஆசிரியர்கள் மறுத்தார்கள். முதலில் மறுத்தவர் கணக்கு வாத்தியார். "உங்க பெல்லுக்கு நான் ஏன் பெல்லக்கா லீவு நாள்ல வரணும்?" என்று கேட்டாராம், இரண்டு கையையும் விரித்து.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அந்தக் கை இருக்கறதே உன்னாலதானம்மா! நீ ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னேனே. மணி பத்தாச்சு, வகுப்புக்குப் போங்க சார்னு சொன்னேன்."

நானும் அவளோடு கல்வி அலுவலகத்துக்கு ஏழு தடவை போயிருக்கிறேன். கடைசி மேசையில் மூன்று பேர் மாறினார்கள். புதிதாக வந்தவர் ஒவ்வொருவரும் கோப்பை முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டு, ஒரே கேள்வியைக் கேட்டார்: "நாற்பது நிமிஷம் ஈடு பண்ணியாச்சா?" ஒருமுறை நான் பொறுமையிழந்து, "அந்த நாப்பது நிமிஷம் இல்லாட்டி என்ன ஆகியிருக்கும்னு யாராவது யோசிச்சீங்களா?" என்று கேட்டேன். அப்போது மேசையில் இருந்த அதிகாரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அதுக்குத் தனியா மனு குடுங்க" என்றார். கொடுத்தேன். அதற்கும் ஓர் எண் போட்டார்கள்.

தலைமையாசிரியை மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர், "என் காலத்துல நடக்காததுக்கு நான் எப்படிக் கூடுதல் வகுப்பு வைக்கறது?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்ததுதான் கொடுமை. இப்படியே ஆறு ஆண்டுகள். இடையில் எனக்கு ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. மற்றவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதுதான் அங்கே என் வேலையும். வருந்துகிறேன் என்ற சொல் வரும்போதெல்லாம் விரல் நின்றுவிடுகிறது. அந்த வரியை யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சேர்த்தேன் என்று அம்மாவிடம் ஒருநாள் சொன்னேன். சுவரைப் பார்த்தாள். "கணக்கு சரியாத்தானடி இருந்துச்சு" என்றாள்.

போன மாதம் அம்மாவுக்குப் பணி வயது முடிந்தது. தற்காலிகமாகவே சேர்ந்து, தற்காலிகமாகவே ஓய்வு பெற்றாள். மூன்று ஐம்பதுக்குக் கடைசி லாங் பெல்லை அடித்துவிட்டு, சுத்தியலைப் பள்ளி அலுவலகத்தில் ஒப்படைத்தாள். பணியிலிருந்து விலகுபவருக்கு நிலுவை எதுவும் இல்லை என்று ஒரு சான்று தர வேண்டுமாம். எழுத்தர் கோப்பைப் புரட்டி, வரிசையாக நிரப்பி, முத்திரை குத்திக் கொடுத்தார். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்பதால் வெளியே வந்து நான் வாசித்தேன்.

நூலகம்: இல்லை. ஆய்வகம்: இல்லை. சாவிகள்: ஒப்படைக்கப்பட்டன. கற்பித்தல் நேரம்: நிலுவை உள்ளது.

எனக்கு அங்கேயே அதைக் கிழித்துப் போட வேண்டும்போல இருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்ளோன்னு போட்டிருக்காங்களா?"

"போடலம்மா."

அவள் திரும்பி உள்ளே போனாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். எழுத்தரிடம் ஏதோ சொல்லி, பேனாவை எடுக்க வைத்து, தாளில் எந்த இடம் என்று விரலால் காட்டினாள். வெளியே வந்து என்னிடம் நீட்டினாள். கடைசி வரிக்குப் பக்கத்தில் புது மையில் எழுதியிருந்தது: நாற்பது நிமிடம்.