லோர்னா வீட்டு முகவரி

டகோமாவில் பழைய கார் விற்கும் லோர்னாவுக்கு நான் பக்கத்து வீட்டுக்காரன். அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டுப் பிள்ளைகள் அவளிடம்தான் கார் வாங்குவார்கள். பதிவுசெய்ய உள்ளூர் முகவரி வேண்டுமே! "என் வீட்டையே போட்டுக்கங்கப்பா" என்பாள். நான் எவ்வளவு திட்டியும் கேட்டதில்லை.

அவர்கள் போன பிறகு அவள் பெட்டிக்குத் தபால் வரத் தொடங்கும். பாலைவனத்து ஊரிலிருந்து பார்க்கிங் அபராதம், ஏதோ வளைகுடாப் பாலத்திலிருந்து சுங்கச் சீட்டு. சீட்டோடு வரும், பாலத்துக் கேமரா எடுத்த கார்ப் படங்களைக் கத்தரித்துக் கூடத்துச் சுவரில் ஒட்டுவாள். மழை விடாத பகல்களில் காபி ஆறுவதுகூடத் தெரியாமல் அவற்றின் முன் உட்கார்ந்திருப்பாள். மூடுபனிக்குள் மிதக்கும் நீலக் கார், கண்ணாடிக்குப் பின்னால் யாரோ சிரிக்கும் நிழல்.

போன வசந்தத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"வீட்ல எத்தனை பேர் மேடம்?"

தனிக்கட்டை, ஒன்று என்று சொல்லித் தொலைக்கவேண்டியதுதானே? சுவரை நிதானமாக ஒருமுறை பார்த்தாள்.

"நாப்பத்து மூணு பேர். இப்போதைக்கு நான் மட்டுந்தான் வீட்ல இருக்கேன்."